அப்பத்தா எந்த ஃபோல்டரில்?

கேள்வி: அண்ணே, வணக்கம். திருமங்கலத்தில் வீட்டில் இருந்தபடியே எடிட்டிங் செய்கிறேன். மூன்று ஸ்டுடியோக்காரர்கள் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எது வந்தாலும் முடித்துக் கொடுப்பேன். ஆவணியில் முடித்துக் கொடுத்த ஒரு கல்யாண வீட்டில் இருந்து போன வாரம் போன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பத்தா தவறிவிட்டார்களாம். கருமாதிக்குள் அவர்கள் வருகிற இடங்களை மட்டும் தனியாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியரைத் திறந்தால் ஒரே சிவப்பு, 'மீடியா ஆஃப்லைன்'. டிஸ்க்கைக் காட்டி லிங்க் கொடுத்தேன், எல்லாம் வந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் தாலி கட்டுகிற இடத்தில் வேறு யாரோ மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார்! இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபைல்களுக்கு எப்படித்தான் பெயர் வைப்பது? ஒவ்வொரு கிளிப்பாக மாற்ற வேண்டுமா? தமிழில் பெயர் வைக்கலாமா?
ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: தங்கச்சி, பெயர் வைக்கிற கதையை அப்புறம் பார்ப்போம். கருமாதிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற வீடு, அதை முதலில் முடிப்போம்.

மாப்பிள்ளை மாறி உட்கார்ந்திருக்கிற அந்த ப்ராஜெக்டை மூடுங்கள். சேவ் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே சேவ் செய்துவிட்டீர்கள் என்றாலும் குடி முழுகிப் போகவில்லை. ப்ராஜெக்ட் ஃபைல் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே 'ஆட்டோ சேவ்' என்று ஒரு ஃபோல்டர் கிடக்கும். அதற்குள் பழைய பிரதிகள் தேதியோடு இருக்கும். நீங்கள் தப்பாக லிங்க் கொடுத்ததற்கு முந்தியதாக ஒன்றை எடுத்து, அதற்கும் ஒரு காப்பி போட்டுக்கொண்டு திறங்கள்.

லிங்க் மீடியா ஜன்னல் வந்ததும் உடனே 'லொகேட்' அழுத்தாதீர்கள். அந்த ஜன்னலில் கிளிப் பெயருக்குப் பக்கத்தில் ஃபைல் பாத் என்று ஒரு வரிசை ஓடும். அந்தக் கிளிப் ஆவணியில் எந்த டிரைவில், எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற முழு விலாசம் அது. ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி நேரம் ஃபோல்டர் நகர்ந்தே இருக்காது. அன்றைக்கு இ டிரைவாக இருந்த டிஸ்க் இன்றைக்கு எஃப் டிரைவாக ஏறியிருக்கும், அவ்வளவுதான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த எழுத்தைப் பழையபடி மாற்றிவிட்டால் பிரீமியர் ஒரு கேள்வி கேட்காமல் திறந்துவிடும். ஃபோல்டரே இடம் மாறியிருந்தால்தான் லொகேட். அப்போதும் அந்த ஜன்னலில் 'ஃபைல் நேம்' டிக் ஆகியிருப்பதைக் கவனியுங்கள். கூடவே 'மீடியா ஸ்டார்ட்' என்பதையும் டிக் செய்யுங்கள். பெயர் ஒன்றாக இருந்து டைம்கோடு, அதாவது கிளிப்பில் பதிவாகிற நேரக் கணக்கு, வேறாக இருக்கிற கிளிப் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

உங்களைக் கவிழ்த்தது அந்த ஜன்னலில் கீழே இருக்கிற இன்னொரு டிக். ஒரு கிளிப்பைக் காட்டினால் மற்றவற்றையும் தானே தேடிக் கட்டிவிடுகிற வசதி. நல்ல வசதிதான். ஆனால் அதற்கு ஆள் தெரியாது, பெயர்தான் தெரியும். முதல் கிளிப்பைத் தப்பான கல்யாணத்தில் காட்டினீர்கள், மீதி நானூறும் அதே கல்யாணத்தில் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

சரி, இப்போது பெயருக்கு வருவோம். சோனி கேமரா வீடியோவுக்கு வைக்கிற பெயர் சி0001, சி0002. நீங்கள் வைத்திருக்கிற டிஸ்க்கில் மூன்று ஸ்டுடியோ, ஒவ்வொன்றிலும் சடங்குகளை மேடையில் நின்று எடுக்கிற ட்ரெடிஷனலுக்கு ஒரு கேமரா, ஆட்களை இயல்பாக எடுக்கிற கேண்டிடுக்கு ஒரு கேமரா. கார்டை ஃபார்மேட் செய்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிற மாதிரி செட்டிங் இருந்தால், ஒரே கல்யாணத்தில் ஆறு கார்டு என்றால் ஆறு சி0001. ஒரு சீசனுக்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேமரா கொடுப்பது பெயரே இல்லை, டோக்கன் நம்பர். ஆஸ்பத்திரியில் இன்றைக்கு 12ஆம் டோக்கன் நீங்கள், நாளைக்கு வேறு ஒருவர்.

நம் ஊரில் இதற்கு விடை கண்டுபிடித்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. மண்டபத்து வாசலில் மொய் எழுதுகிறவரைப் பாருங்கள். ஊர் எது என்று கேட்டுவிட்டுத்தான் ஆளைக் கேட்பார். ஊர், அப்பா பெயரின் முதலெழுத்து, ஆள், அப்புறம்தான் தொகை. வெறும் 'பாண்டி 500' என்று எழுதி வைத்தால் பத்து வருஷம் கழித்து எந்தப் பாண்டிக்குத் திருப்பிச் செய்வது? மதுரைப் பக்கம் பாண்டிக்கும் கருப்புக்கும் பஞ்சமா? சினிமாவுக்கு எடுக்கிற ஆரி கேமரா இதே மொய் நோட்டுக் கணக்கைத் தானே எழுதிவிடும். கேமராவுக்கு ஓர் எழுத்து, ரீல் நம்பர், கிளிப் நம்பர், தேதி, அந்தக் கேமராவுக்கே உரிய ஓர் அடையாளம், எல்லாம் ஃபைல் பெயரிலேயே இருக்கும். நம் கைக்கு எட்டுகிற கேமரா அதைச் செய்வதில்லை, ஆகையால் நாம் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கும் இது நடந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அழகர் ஆற்றில் இறங்குவதை ஒரு கேபிள் சேனலுக்கு எடிட் செய்துகொண்டிருந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. என் டிஸ்க்கில் 'அழகர்', 'அழகர் நியூ', 'அழகர் லேட்டஸ்ட்' என்று மூன்று ஃபோல்டர். 'நியூ' என்பது போன வருஷத்து நியூ. அதே தங்கக் குதிரை, அதே வைகை, அதே துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டம், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. பட்டு மட்டும் வேறு நிறம். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்த்து அந்த வருஷத்து விளைச்சலைப் பேசுகிற ஊர் இது, ஷாட்டுக்கு ஷாட் பட்டு மாறினால் விடுவார்களா? பத்து நிமிஷத்தில் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து 'நியூ' என்ற வார்த்தையை நான் ஃபோல்டருக்கு வைப்பதில்லை.

இப்போது நான் வைக்கிற பெயர் இப்படி இருக்கும். படிக்கத் தோதாகத் தமிழில் காட்டுகிறேன், கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்: 20250904_திருமங்கலம்_கல்யாணம். வருஷம், மாதம், தேதி என்ற வரிசை மாறக்கூடாது. நமக்குப் பழக்கமான 04-09-2025 என்று எழுதினால் செப்டம்பர் 4க்குப் பக்கத்தில் அக்டோபர் 4 வந்து உட்காரும், 5ஆம் தேதி எங்கோ தள்ளிக் கிடக்கும். வருஷத்தை முன்னால் வைத்தால் கம்ப்யூட்டர் தானாகவே காலண்டர் மாதிரி அடுக்கிவிடும். முதல் நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்றால் எந்தத் தேதி என்று குழம்ப வேண்டாம், பத்திரிகையில் போட்டிருக்கிற முகூர்த்தத் தேதிதான். ஒரே நாளில் அதே ஊரில் இரண்டு கல்யாணம் வருகிற ஆள் நீங்கள், அதனால் ஸ்டுடியோவுக்கு ஒரு சின்ன அடையாளமும், பெண் மாப்பிள்ளையின் முதலெழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஃபோல்டருக்குள் கேமராவுக்கு ஒன்று, அதற்குள் கார்டுக்கு ஒன்று. ட்ரெடிஷனல் ஏ, கேண்டிட் பி. ஏ1, ஏ2, பி1 என்று போகும். ஹெலிகேம் என்கிற ட்ரோன் கேமரா தனி, நாதஸ்வரத்துக்கு வைத்த ரெக்கார்டர் தனி. பாட்டு, பத்திரிகை ஸ்கேன், டைட்டில், ப்ராஜெக்ட் ஃபைல், எக்ஸ்போர்ட் எல்லாம் இதே தாய் ஃபோல்டருக்குள்தான் இருக்க வேண்டும். இது முக்கியம். டெஸ்க்டாப்பில் இருந்து ஒரு பாட்டை இழுத்துப் போட்டு எடிட் செய்துவிட்டு, அப்புறம் டெஸ்க்டாப்பைத் துடைத்தால் டீசர் ஊமையாகிவிடும். நான் பார்த்த 'ஆஃப்லைன்' கேஸ்களில் பாதி, வாட்ஸ்அப்பில் வந்து டவுன்லோட்ஸில் கிடந்த ஏதோ ஒரு போட்டோதான்.

ஒவ்வொரு கிளிப்புக்கும் பெயர் மாற்ற வேண்டுமா என்று கேட்டீர்கள். கையால் ஒவ்வொன்றாக மாற்றவே வேண்டாம், பைத்தியம் பிடித்துவிடும். மொத்தமாக முன்னொட்டு மட்டும் சேருங்கள்: 20250904_திருமங்கலம்_ஏ1_சி0012. கேமரா கொடுத்த நம்பரை வாலில் அப்படியே விட்டுவிட வேண்டும், அது நாளைக்குச் சாட்சி. அடோபி பிரிட்ஜில் பேட்ச் ரீநேம் இருக்கிறது, பழைய பெயரைக் கிளிப்பின் குறிப்பிலேயே பத்திரப்படுத்தி வைக்கவும் அதில் ஒரு டிக் உண்டு. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிற பவர்டாய்ஸிலும் பவர்ரீநேம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டுமே ஒரு நிமிஷ வேலை.

ஆனால் வரிசை மாறக்கூடாது. கார்டை முழுசாகக் காப்பி எடுங்கள். முன்னொட்டுச் சேருங்கள். சேர்த்ததை இரண்டாவது டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். அப்புறம்தான் பிரீமியருக்குள் இம்போர்ட். இம்போர்ட் ஆன பிறகு வெளியே பெயரைத் தொடக்கூடாது. எடிட் நடந்துகொண்டிருக்கும்போது 'அழகாக அடுக்குகிறேன்' என்று எக்ஸ்ப்ளோரரில் போய்ப் பெயர் மாற்றினால், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். அலையப் போவது நீங்கள். இரண்டாவது டிஸ்க்குக்கும் பெயர் மாற்றிய பிறகே காப்பி எடுக்கச் சொன்னது ஏன் என்றால், முதல் டிஸ்க் செத்துப்போனால் இரண்டாவதைக் காட்டியதும் எல்லாம் அப்படியே லிங்க் ஆக வேண்டும்.

கார்டை முழுசாக என்று சொன்னதையும் அழுத்திச் சொல்கிறேன். சோனி கார்டைத் திறந்து உள்ளே இருக்கிற வீடியோவை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். பக்கத்தில் இருக்கிற சின்னச் சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல்கள் அந்தக் கிளிப்பின் ஜாதகம், அதையும் சேர்த்து எடுங்கள், முன்னொட்டும் சேர்த்துப் போடுங்கள். பழைய ஹேண்டிகேமில் எம்டிஎஸ் ஃபைலாக எடுத்துக் கொடுக்கிற ஸ்டுடியோ இன்னும் இருந்தால், அங்கே மட்டும் எந்த ஃபைலையும் ரீநேம் செய்யாதீர்கள். நீளமான ஷாட்டைக் கேமராவே துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும். அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது அந்த ஃபோல்டர் அமைப்பை வைத்துத்தான். தாய் ஃபோல்டருக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கோப்ரோ என்கிற குட்டிக் கேமராவும் இப்படித் துண்டாக வெட்டும், ஆனால் பெயர் வைப்பதில் ஒரு கோணல். ஜிஎக்ஸ்010034 என்றால் 34ஆம் ஷாட்டின் முதல் துண்டு, ஜிஎக்ஸ்020034 அதே ஷாட்டின் இரண்டாம் துண்டு. பெயர் வரிசையில் அடுக்கினால் எல்லா ஷாட்டின் முதல் துண்டுகளும் முதலில் வந்துவிடும், இரண்டாம் துண்டுகள் கீழே போய்விடும். பாலமேட்டில் வாடிவாசலுக்கு மேலே கட்டி வைத்து எடுத்த கோப்ரோ ஃபுட்டேஜை ஒருவர் கொண்டுவந்து 'மாடு வெளியே வருவதற்கு முன்னாலேயே பிடித்துவிடுகிறார்கள்' என்றார். கடைசி நான்கு எண்ணைப் பார்த்து அடுக்கினோம், மாடு ஒழுங்காக வெளியே வந்தது.

தமிழில் பெயர் வைக்கலாமா? விண்டோஸ் ஏற்கும், மேக் ஏற்கும், பிரீமியரும் திறக்கும். இருந்தாலும் டிஸ்க்கில் வேண்டாம் என்பேன். உங்கள் ஃபைல் உங்களோடு நிற்பதில்லை. மண்டபத்து எல்இடி வால்காரரிடம் போகும், டிவியில் செருகுகிற பென் டிரைவுக்குப் போகும், யாரோ வைத்திருக்கிற பழைய ப்ளக்-இன்னுக்குள் போகும். எங்காவது ஓர் இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது திறக்காது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இவை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேள்விக்குறி, நட்சத்திரம், சாய்கோடு மாதிரி ஒன்பது குறிகளை விண்டோஸ் ஏற்பதே இல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டுக்கொண்டே போனால் மொத்த விலாசம் 260 எழுத்தைத் தொட்டதும் பல சாஃப்ட்வேர் முரண்டு பிடிக்கும். அதனால் பெயர் குட்டையாக இருக்கட்டும்.

தமிழுக்கு இடம் பிரீமியருக்கு உள்ளே இருக்கிறது. ப்ராஜெக்ட் பேனலில் ஒரு கிளிப்பின் பெயரை நீங்கள் என்னவாக மாற்றினாலும் டிஸ்க்கில் இருக்கிற ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று என்று நமக்கெல்லாம் இருக்கிறதே, அந்த மாதிரி. சர்டிஃபிகேட்டில் இருப்பதைத் தொடக்கூடாது, வீட்டுப் பெயரை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிரீமியருக்குள் 'பின்' (bin) என்று சொல்கிற ஃபோல்டர்களைச் சடங்கு வாரியாகப் போடுங்கள்: முகூர்த்தக்கால், தாய்மாமன் சீர், தாலி கட்டு, பந்தி. ஏ கேமராவுக்கு ஒரு லேபிள் நிறம், பி கேமராவுக்கு இன்னொரு நிறம். எல்லாக் கிளிப்புக்கும் பெயர் வைக்க உட்கார வேண்டாம். கிளிப்களை முதல் தடவை ஓட்டிப் பார்க்கும்போது டிஸ்க்ரிப்ஷன் என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை தட்டிக்கொண்டே போங்கள்: அப்பத்தா, தாய்மாமன், சித்தப்பா அழுகை. பின்னால் தேடல் பெட்டியில் 'அப்பத்தா' என்று அடித்தால் அத்தனையும் வந்து நிற்கும். ஒன்று மட்டும் கவனம், யூனிகோடில் தட்டுங்கள். டைட்டிலுக்குப் பழைய பாமினி எழுத்துரு வைத்து அடிக்கிற பழக்கம் பலருக்கும் இருக்கிறது. அதில் அடித்தால் உள்ளே பதிவாவது ஆங்கிலக் கிறுக்கல்தான், தேடினால் அப்பத்தா கிடைக்க மாட்டார்.

முக்கியமான ஆட்கள் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்டுடியோக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். ஆல்பத்துக்குப் போட்டோ தேர்ந்தெடுக்க வருகிற அன்று, பெரியவர்கள் பத்துப் பேரைக் குடும்பப் போட்டோவில் சுட்டிக்காட்டச் சொன்னால் போதும், ஐந்து நிமிஷம்.

ஸ்டுடியோக்காரர்களிடம் சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு இருக்கிறது. கேமரா மெனுவில் ஃபைல் நம்பர் 'ரீசெட்' என்று இருந்தால் 'சீரீஸ்' என்று மாற்றச் சொல்லுங்கள். கார்டு மாறினாலும் எண் தொடர்ந்து ஓடும். புதிய சோனி மாடல்கள் சிலவற்றில் வீடியோ பெயரிலேயே தேதியும் ஒரு தலைப்பும் சேர்க்கிற வசதி உண்டு, இருந்தால் போடச் சொல்லுங்கள். இரண்டாவது, செலவே இல்லாதது: ஒவ்வொரு புதுக் கார்டு போட்டதும் முதல் ஷாட் மண்டபத்து வாசல் பிளக்ஸ், ஐந்து விநாடி. நம்ம பக்கம் பிளக்ஸ் இல்லாத விசேஷம் உண்டா? பெண், மாப்பிள்ளை, தேதி, மண்டபம், தாய்மாமன் பெயர் வரைக்கும் அதில் இருக்கும். சினிமாவில் கிளாப் அடிக்கிறார்களே, அந்த வேலையை பிளக்ஸ் செய்துவிடும். ஃபோல்டர் பெயர் அழிந்து போனாலும் முதல் கிளிப்பைத் திறந்தால் யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரிந்துவிடும்.

எக்ஸ்போர்ட்டுக்கு வி01, வி02 என்று மட்டும் போடுங்கள். ஃபைனல், ஃபைனல் ஓகே, ஃபைனல் மாமா சொன்னது என்று என் டிஸ்க்கிலும் கிடந்திருக்கிறது. மாமா இன்னொரு தடவை சொல்லுவார். 1க்கு முன்னால் பூஜ்யம் போடாவிட்டால் பல இடங்களில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். டாவின்சி ரிசால்வ் என்ற சாஃப்ட்வேரில் கலர் செய்கிறீர்கள் என்றால் ஒன்று நினைவிருக்கட்டும். அதில் ப்ராஜெக்ட் தனி ஃபைலாக உங்கள் ஃபோல்டரில் இருக்காது, சாஃப்ட்வேரின் டேட்டாபேஸுக்குள் இருக்கும். வேலை முடிந்ததும் எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் கொடுத்து அந்த டிஆர்பி ஃபைலையும் தாய் ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

இடம் அடைக்கும், உண்மைதான். 100 மெகாபிட்டில் எடுத்த 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா சேர்ந்து எட்டு மணி நேரம் எடுத்தால் 360 ஜிபி. அதை இரண்டு டிஸ்க்கில் வைக்க வேண்டும். டிஸ்க் செலவை ஸ்டுடியோக்காரரிடம் பேசி வாங்குங்கள், உங்கள் கூலியில் கை வைக்காதீர்கள்.

பழைய டிஸ்க்கில் கிடக்கிற கல்யாணங்களை இந்த முறைக்கு மாற்ற இப்போது உட்காராதீர்கள். மாற்றினால் அந்த ப்ராஜெக்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பாகும். தாய் ஃபோல்டரைத் திறக்காமல், எந்த டிஸ்க்கில் எந்த வீடு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புது வேலைக்குப் புது முறை.

அப்பத்தாவைத் தேடும்போது ஏ கேமரா டைம்லைனில் ஆரம்பிக்காதீர்கள். ட்ரெடிஷனல்காரர் மேடையை விட்டு இறங்கியிருக்க மாட்டார், அப்பத்தா மேடையில் நின்ற நேரம் ஆசீர்வாத அரிசி போட்ட அரை நிமிஷம்தான் இருக்கும். நீங்கள் எடிட்டில் சேர்க்காமல் விட்ட பி கேமரா கிளிப்களைத் திறங்கள். தாலி கட்டுவதற்கு அரை மணி முன்னால், முதல் வரிசை நாற்காலிகள். அப்புறம் முதல் பந்தி. அங்கேயும் இல்லை என்றால், மொய் மேசைக்குப் பக்கத்தில் மின்விசிறிக்கு நேராக யாராவது ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருப்பார்கள், அங்கே பாருங்கள்.